தன்மை ஒருமை

என் வேலையில் முதல் விதி:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
அவன் நான் என்றால்
நானும் நான் என்றே சொல்லவேண்டும்.
பத்தொன்பது வருடத்தில்
மூன்று கடைகளில் திருடியிருக்கிறேன்,
வரி கட்டாத சிகரெட் விற்றிருக்கிறேன்,
ஊழியர் விடுதி மாடியில்
ஒருவன் காதைக் கடித்திருக்கிறேன்.
மாலை எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்தால்
எல்லாவற்றையும் மறந்து தூங்கிவிடுவேன்.

இந்த முறை சாங்கி.
ஜன்னலில்லாத அறை, பல் கிட்டும் குளிர்.
டாக்டர் சியா பேனாவைத் திறந்து மூடுகிறார்.
எதிரே கருணாமூர்த்தி, வயது ஐம்பத்திரண்டு,
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.
முகவரி வாசிக்கையில் நாக்கு நின்றது.
புக்கிட் பாத்தோக்.
என் புளோக்குக்கு எதிர் புளோக், ஏழாம் மாடி.
போலீஸ் வந்த இரவிலிருந்து
சமையலறை ஜன்னலை நான் திறக்கவில்லை.

தெரிந்தவரா என்று முன்பே கேட்டிருந்தார்கள்.
இல்லை என்றேன். பொய்யில்லை, அப்போது.
மூங்கில் கழியிலிருந்து விழுந்த
என் மகனின் பள்ளிச் சட்டையை
ஒருநாள் கீழ்த்தளத்தில் எடுத்துத் தந்தவன்,
உதறி, மடிப்புக் கலையாமல் மடித்து.
முகம் நினைவில்லை.
கைகள்தான். இப்போது மேசைமேல்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறான்.

என்ன நடந்தது?

"வீட்டுல கத்துனாங்க."
வீட்டுல என்றால் மனைவி.
லோகேஸ்வரி என்ற பெயர் கோப்பில் மட்டும் இருந்தது.
"சண்டை வந்துச்சு. கோவம் ஏறிருச்சு.
கை நீண்டுருச்சு. கத்தி பட்டுருச்சு."

நான்கு வினைமுற்று.
ஒன்றிலும் அவன் இல்லை.
சண்டை மழைபோல வந்திருக்கிறது,
கோபம் படியேறியிருக்கிறது,
கத்தி நடந்துபோய்ப் பட்டிருக்கிறது
பதினொரு முறை.
ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் தருகிறது என் மொழி!
ஆங்கிலத்தில் இந்தக் கத்திக்கு
நான் ஒரு கை தேடவேண்டும்.

தயங்கினேன்.
போன மாதம் மகனை அறைந்துவிட்டு
தங்கையிடம் போனில் சொன்னேன்:
கை நீண்டுருச்சுடி.
அவள் உச்சுக்கொட்டினாள்.
யார் கை என்று கேட்கவில்லை.

என் தயக்கத்தை டாக்டர் கவனித்தார்.
அவனும் கவனித்தான்.
எப்படிச் சொல்லப்போகிறேன் என்று
ஆர்வத்தோடு பார்த்தான்.

பிறகு?

"நான் கத்தியைக் கழுவினேன்.
நான் தரையைத் துடைச்சேன், ரெண்டு தடவை.
நான் மெர்போக்குக்குத் தண்ணி வச்சேன்.
பாவம், சத்தத்துல பயந்திருந்துச்சு."

இப்போது வந்துவிட்டான்
ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும்
குளித்து, தலைசீவி,
நான், நான், நான் என்று.
டாக்டர் வெகுநேரம் எழுதினார்.

அவருடைய அடுத்த கேள்வியில் ஒரே ஒரு சொல்.
என் வாயில் அது மூன்றானது:
குற்றவுணர்வு. கழிவிரக்கம். வருத்தம்.
எளிதானதை எடுத்தேன்.
வருத்தமா இருக்கா?
"இருக்குங்க."
யாருக்காக என்று தமிழ் கேட்பதில்லை.
டாக்டர் கேட்டார்.
அவன் கூரையைப் பார்த்தான்,
மறந்த தொலைபேசி எண்ணைத் தேடுபவன்போல,
உண்மையாகவே முயன்று.
கடைசியில் என்னிடம் திரும்பினான்:
"இதுக்கு என்னக்கா சொல்லணும்?"

அதையும் மொழிபெயர்த்தேன். விதி அது.
வேறு சொல் கொடுத்திருந்தால்
வேறு ஆள் வெளியே வந்திருப்பானா,
அல்லது அந்தச் சொல்லையும்
உதறி மடித்துத் திருப்பித் தந்திருப்பானா?
தெரியவில்லை.
அறிக்கை என் பெயரோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே, ஏழாம் மாடியில்
மூங்கில் கழி இன்னும் நீட்டியபடி:
இரண்டு நைட்டி, ஒரு துண்டு,
குழந்தைகள் காப்பகச் சமையல்காரியின் பச்சை ஏப்ரன்.
பதினாறு நாள் வெயில்,
நடுவில் நான்கு மழை.
எடுத்து உள்ளே போட
யாருக்கும் உரிமையில்லை.

மகன் பின்னால் வந்து நின்றான்.
"என்னம்மா பாக்குற?"

நான் உன்னை அறைந்தேன், என்றேன்.
"எப்போ?" என்றான்.